கேட்காமல் எழுதிய வரி

தினமும் காலையில் எனக்கு இன்சுலின் போட வருகிற நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அந்த வாசனை என்னை அறுபத்திரண்டு வருடம் பின்னால் தள்ளியது.

அப்பாவுக்கு இன்சுலின் ஊசி போட வந்த கம்பவுண்டர் மேல் அதே வாசனைதான் அடிக்கும். எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. கேட்டால், "எல்லாம் மண்டைல இருக்குது" என்பார்.

கார்த்திகை தீபத்தன்று, மலையில் தீபம் ஏற்றும்வரை அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அன்று காலை கம்பவுண்டர், அப்பா சாப்பிட்டாரா என்று கேட்காமலே ஊசியைப் போட்டுவிட்டு ஓடினார். மதியம் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அம்மா மூன்று முறை சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தீபம் ஏறட்டும்னு சொல்றேன்ல" என்று மூன்று முறையும் தட்டிவிட்டார். பிறகு நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எத்தனை யூனிட் போட்டாங்க? எத்தனை மணிக்கு?"

நாங்கள் நான்கு பேர் நின்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை. தீபம் ஏறியபோது அப்பா உயிரோடு இல்லை.

இங்கே நர்ஸ் என் இன்சுலின் நோட்டில் நேற்றைய வரியை அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள். காலை உணவு, இட்லி நான்கு.

"யாரும்மா சாப்ட்டது? நான் இன்னும் பல்லே விளக்கல."

"டெய்லி அதானே சாப்பிடுவீங்க தாத்தா."

"அடிச்சுட்டு, சாப்டலைன்னு எழுது. நேரம் போடு. கையெழுத்து போடு."

"காலங்காத்தால இவ்ளோ கோவம் ஆவாதுங்க" என்று முணுமுணுத்தபடி எழுதினாள்.

இட்லி வந்தது. அவள் இரண்டு முறை மணி பார்த்தாள். நான் நான்கையும் மென்று தின்றேன். அதன் பிறகுதான் கையை நீட்டினேன்.