தனி மண்ணெண்ணெய்

எஞ்சின் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், பத்து வயதிலேயே, தோட்டத்து இறைப்பு மெசினை நாலு துளி பெற்றோலில் இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டவள் நான். இன்றைக்கும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அப்படித்தான் இறைப்பு நடக்கிறது.

இப்போது வீட்டு வளவுகளுக்கும் கோயில் வீதிகளுக்கும் புல் வெட்டிக் கொடுப்பது என் தொழில். இரண்டு மெசின் வைத்திருக்கிறேன். தோளில் கொழுவுகிறது டூ ஸ்ட்ரோக். இலேசானது. வேலிக்கரையோ கல் இடுக்கோ, எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் வெட்டும். ஆனால் காதைக் கிழிக்கும், புகைக்கும், ஒவ்வொரு முறையும் பெற்றோலோடு ஒயிலை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். மற்றது சில்லு வைத்துத் தள்ளுகிற ஃபோர் ஸ்ட்ரோக். பாரம் கூட. கண்டபடி சரித்தால் கோபித்துக்கொண்டு வெள்ளைப் புகை கக்கும். மற்றும்படி நல்ல குணம், குறைவாகத்தான் குடிக்கும். எது திறம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: "புல்லைக் காட்டுங்கோ, சொல்லுறன்."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் முதன்முதலாக என் கைக்கு வந்தது ஒரு விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு. இது சரியாக அமைந்தால் தவணைக்குத் தவணை அந்த வேலை எனக்குத்தான் என்று அதிபர் அம்மா சொல்லியிருந்தார். மைதானக் குழுவில் இருந்த வெங்காயத் தோட்டக்காரர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு மாமா முறை. "பொம்பிளையள் மெசின் பிடிச்சு உவ்வளவு புல்லை வெட்டி முடிப்பினமே? பாப்பம்," என்று என் காதில் விழும்படியே சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்திலேயே முழங்காலளவு புல்லில் தோள் மெசினோடு இறங்கினேன். கலந்து கொண்டுபோன எண்ணெய் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. பெற்றோல் ஷெட் தூரம். மாமா மர நிழலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கூடையில் வீட்டு இறைப்புக்கு வாங்கிய மண்ணெண்ணெய்க் கான் இருந்தது. மெசின் நல்ல சூடு. யோசிக்கவே இல்லை, கை தன்பாட்டில் ஊற்றியது. பத்து நிமிடம் ஓடியிருக்கும். கீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் இறுகிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. இறைப்பு மெசின் ஃபோர் ஸ்ட்ரோக், அதன் ஒயில் அடியில் தனியாகக் கிடக்கிறது. மேலே மண்ணெண்ணெய் விட்டாலும் உள்ளே நனைந்தே இருக்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு அப்படி ஒரு சேமிப்புக் கிடையாது. குடிக்கிற எண்ணெயோடு வருகிற ஒயில்தான் அதற்கு உயிர். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுக்கிற நானே தனி மண்ணெண்ணெயை ஊற்றிக் கொன்றுவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

சத்தம் நின்றதும் அதிபர் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். மாமா மெசினைக் குனிந்து பார்த்துவிட்டு, நான் எதிர்பாராத இரக்கத்தோடு சொன்னார்:

"உது பழுதான சாமான், பிள்ளை. கடைக்காரன் உன்ரை தலையிலை கட்டிப்போட்டான். நீ என்ன செய்வாய்?"

தப்ப நல்ல வழி. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் பெயர் கெடாது. வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை மாமா, மெசின் நல்ல மெசின். நான்தான் ஒயில் இல்லாமல் தனி மண்ணெண்ணெயை விட்டனான். பிழை என்ரை. நாளைக்குப் பின்னேரத்துக்கிடையிலை மைதானம் முடியும்."

மாமாவின் முகம் என்னவோ போல் ஆனது. அதிபர் அம்மா, "சரி, செய்யுங்கோ," என்றார்.

ஷெட்டுக்குப் போய்ப் பெற்றோல் வாங்கி, வீட்டிலிருந்து தள்ளுகிற மெசினைக் கொண்டுவந்து, அதன் அலகை ஆக உயரத்தில் வைத்து, அரை அகலம் அரை அகலமாகத் தள்ளினேன். பிறகு அலகைக் கீழே பதித்து இன்னொருமுறை. மெசின் போகாத கரைகளைக் குந்தியிருந்து அரிவாளால் அறுத்தேன். அடுத்த நாள் மூன்று மணிக்கு ஓட்டக் கோடு போட வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை இன்றைக்கும் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மைதானம் எனக்கே கிடைத்தது. புதுப் பிஸ்டனும் போட்டாயிற்று.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலையில் மாமா என் வாசலில் வந்து நின்றார். சைக்கிள் காரியரில் உரப்பையால் சுற்றிய, வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற மெசின். டூ ஸ்ட்ரோக். இரண்டு வருடமாக ஓடவில்லை என்றார். மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் மணந்தது.

"நீ அண்டைக்குச் சொல்லுமட்டும் எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றார், நிலத்தைப் பார்த்தபடி. "பழுதானதை வித்துப்போட்டான் எண்டு கடைக்காரனைச் சனத்துக்கு முன்னாலை ஏசிப்போட்டு வந்தனான். இண்டைவரைக்கும் அவனோடை கதை இல்லை. நீ உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"நான் சொல்லமாட்டன், மாமா," என்றேன். "கடைக்காரருக்கு மட்டும் நீங்களே சொல்லுங்கோ."