கதவை நிறுத்தும் ஸ்பிரிங் பட்டை

என் வீட்டு வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புப் பட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கை நீளம், லேசான வளைவு, நடுவில் ஒரு துளை. பழைய ஜீப் ஒன்றின் பின்பக்க ஸ்பிரிங்கிலிருந்து கழற்றியது. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடு என்று மகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். இந்தக் கந்தப்பளை மலைக்காற்றுக்கு இதை விட்டால் வேறெது தாங்கும் என்று ஏதோ சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று தெரியும். இருந்தும் கடந்து போகும்போதெல்லாம் காலால் ஒருமுறை தள்ளிப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருத்துவிச்சியாக இருந்தேன்; ஆட்கள் என்னை ‘மிஸி’ என்பார்கள். தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகு, வேறொரு தோட்டத்தில் ஓடித் தேய்ந்த ஜீப்பை எங்கள் தலையில் கட்டினார்கள். உர மூட்டையும் கொழுந்துச் சாக்கும் ஏற்றும் அதே வண்டிதான் பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வேண்டும். பாரத்துக்கென்று போட்ட ஸ்பிரிங் கல்லாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பெண்கள் பலகையை விட்டு எழும்பி எழும்பி விழுவார்கள். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சிங்களவர் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘பாஸ்’. அவரிடம் பாதிச் சிங்களத்தில் கெஞ்சிக் கேட்டேன். அவரும் மனமிரங்கி இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார். தோட்டத்து டிஸ்பென்சரிக் கதவுக்கு ஆகும் என்று அதில் ஒன்றை நான் வாங்கி வந்தேன். வண்டி மெத்தென்று ஆனது என் யோசனையால்தான் என்று இரண்டு நாள் பெருமையடித்துக்கொண்டதும் உண்மை.

அந்த வாரம் ஜீப்பை ஓட்டும் டிரைவர் அண்ணன் ஊரில் இல்லை. தங்கை கலியாணத்துக்காக இறம்பொடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து வண்டியை எடுத்த அன்றே அவர் முகம் மாறிவிட்டது. நேர் ரோட்டில் ஒழுங்காகப் போகும் ஜீப், வளைவில் காலைத் தளர்த்தினால் தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது; மறுபடி மிதித்தால் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. ஸ்டியரிங் உதறுவதால் எல்லோரும் முன்பக்கத்தையே குடைந்தார்கள். மூட்டுகளை மாற்றினார்கள், டயரை இடம் மாற்றினார்கள். அண்ணன் மட்டும் ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்:

“முன்னால ஒண்ணுமில்லைங்க. பின்னாலருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு.”

எங்கள் ஆட்களுக்கு அது போதாதா. தள்ளுவது யார் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். தொழிற்சாலையைக் காக்கும் ரோதைமுனிக்குக் குறை வைத்ததுதான் காரணம் என்று தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நான் வேதக்காரி, கிறிஸ்தவள்; டிஸ்பென்சரி ஜன்னலில் நின்று சிரித்தேன். முனி யாரென்று தெரிந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

மழை தூறிய ஒரு காலையில் வலி எடுத்த பெண்ணோடு போனோம். முன்னால் கணக்குப் பார்க்கும் தோட்டத்துக் கிளாக்கர் உட்கார்ந்திருந்தார். இறக்கத்து வளைவில் வண்டி ரோட்டைக் குறுக்கே கடந்து மலைப்பக்க மண்ணில் போய் முட்டி நின்றது. மறுபக்கம் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மெல்ல ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்; அந்தப் பெண் அன்று மதியமே ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிள்ளை பெற்றாள். ஆனால் கிளாக்கர் தோட்டத்துக்குத் திரும்பியதும் டிரைவர் குடித்திருந்தார் என்று தோட்டத்தை நடத்திய துரையிடம் சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் அண்ணன் குடித்தவர்தான். விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆனால் பெயர் விடவில்லை.

துரை உடனே என்னைக் கூப்பிட்டு, டிரைவரின் வாயை முகர்ந்து பார்க்கச் சொன்னார். அண்ணன் என் முன்னால் வந்து நின்று ஊதினார். இஞ்சியும் வெற்றிலையும் மட்டும்தான் மணத்தன. அதைச் சொல்ல ஒரு நொடி ஆகாது. துரையும் கிளாக்கரும் முடிவு செய்துவிட்ட முகத்தோடு இருந்தார்கள். எங்களைச் சாகடிக்கப் பார்த்தாரே என்று அவர்மேல் கோபமும் இருந்தது. துரையிடம் இருந்த பயம்தான் பெரிது; மற்றதெல்லாம் பிற்பாடு நான் சேர்த்துக்கொண்ட சமாதானம்.

“சரியாத் தெரியலைங்க ஐயா” என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களோடு அவரை மலைக்கு அனுப்பினார்கள். மாதம் முடிவதற்குள் டிரைவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. மூன்று பிள்ளைகளோடு எந்தத் தொழிலாளர் லயத்தில் இடம் கேட்பது என்று அவர் மனைவி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அழுதாளாம். நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கவ்வாத்துக் கத்தி கையில் பட்டு அண்ணன் மருந்து கட்ட வந்தார். நான் கட்டுப் போட, அவர் கதவடியில் கிடந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இது ஏது என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார், கட்டுத்துணி பாதி தொங்கியபடி.

ஜீப் முற்றத்தில்தான் நின்றது. ஈர மண்ணில் கொஞ்சம் ஓட்டிப் பிரேக் போடும்படி புது டிரைவரைக் கேட்டார். பிறகு குனிந்து தடத்தைக் காட்டினார். முன்சக்கரத் தடத்தின் மேலேயே வந்த பின்சக்கரத் தடம், பிரேக் போட்ட இடத்தில் நான்கு விரல் விலகியிருந்தது. அப்படியே வண்டிக்கடியில் படுத்துக் கையை விட்டுப் பார்த்தார்.

“பட்டைய எடுத்ததும் அந்த எடம் காலியாயிருச்சு மிஸி. போல்டுல மரை முடிஞ்சு நட்டு முட்டிக்கிட்டு நிக்குது. பார்த்தா இறுக்குன மாதிரிதான் இருக்கும். உள்ள அச்சு அங்கயும் இங்கயும் நகருது.”

அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நான் போய்ச் சொன்னா எடுபடாது, நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அன்றே துரையின் பங்களாவுக்குப் போனேன். பட்டையைக் கழற்றச் சொன்னது நான்தான், பாஸ்மீது குற்றமில்லை என்று தைரியமாகவே சொன்னேன். துரை என்னைத் திட்டினார். வண்டியில் புதுப் பட்டைகள் போட்டுச் சரிசெய்த பிறகு அண்ணனுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார், வீடும் தப்பியது. ஆனால் கொடுக்கும்போது, இனிமேல் குடித்துவிட்டு வண்டியில் ஏறக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் எச்சரித்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மருந்துப் பெட்டியின் வாரைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஜீப்பின் குற்றத்தைச் சொன்ன வாய்க்கு இஞ்சியையும் வெற்றிலையையும் சொல்ல வரவில்லை. சொன்னால் நான் பொய்க்காரி ஆவேன்.

அதன்பின் எத்தனையோ முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே வளைவைக் கடந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், ஆஸ்பத்திரி வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இரு நாட்டு ஒப்பந்தப்படி அவருக்குக் குடும்பத்தோடு இந்தியாவுக்கே குடிபோக அனுமதி வந்தது. ஹட்டன் ரயிலடியில் அழுகையும் மூட்டையுமாக ஒரே நெரிசல். அவர் பெட்டியைத் தேடிப்போய் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். ரயில் அசைந்தபோது அவர் தலையை வெளியே நீட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தபடி மெல்ல ஊதினார். இஞ்சியும் வெற்றிலையும்.

“இப்பவாவது தெரியுதுங்களா மிஸி?”

தெரியுது அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பெட்டி என்னைக் கடந்துவிட்டது.

இப்போதும் காற்று கதவைத் தள்ளுகிறது. இரும்பு அசையவில்லை. எழுந்துபோய்க் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.