காதுக்காரி போனை அணைத்த கதை

எங்கள் அம்மாவுக்கு நேர் இளையவள் ஒரு சித்தி. அவளுடைய மூத்த மகள்தான் காதுக்காரி. எனக்குத் தங்கை முறை. அவள் வீட்டுக்காரர் எங்கள் பெரிய மாமாவின் மச்சினர் மகன். ஆகவே இந்தப் பக்கம் பார்த்தாலும் உறவு, அந்தப் பக்கம் பார்த்தாலும் உறவு. அவளுடைய தையல் கடையில் மிஷின் கடகடவென்று ஓடும்போதே பக்கத்துக் கடையில் அடிக்கிற போன் அவள் காதில் விழுந்துவிடும். அதனால் வந்த பெயர். சின்ன வயதில் அவளைக் கூப்பிடுகிறவர் தொண்டை வற்றினாலும் திரும்ப மாட்டாள். இந்தக் காதைப் பயம்தான் வளர்த்தது.

வீட்டுக்காரர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்தின் மேல் நின்று பாடிக்கொண்டே வேலை பார்க்கிற ஆள். திடீரென்று காலும் முகமும் வீங்கின. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவள் கையை நீட்டினாள், பொருந்தவில்லை. அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். எங்கோ யாரோ இறந்து, அவர் வீட்டார் மனது வைத்து, அந்தச் சிறுநீரகம் இவருக்குப் பொருந்தினால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வந்த கையோடு கிளம்ப வேண்டும். எடுக்க ஆள் இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"போனை மட்டும் அணைச்சு வச்சிடாதீங்கம்மா" என்று ஒரு சிஸ்டர் போகிற போக்கில் சொன்னாள். இவள் அதை மனதில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் போன் அணைந்ததே இல்லை. குளிக்கப் போனால் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். சாவு வீட்டில்கூட இடுப்பில் அடிக்கும், எல்லாரும் முறைப்பார்கள், எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி அழுவாள். புது மென்பொருள் வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏற்றினால் அணைந்து எழும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்பதையே அழுத்தினாள்.

ஒரு சாயங்காலம் ஈரக் கை வழுக்கி "இப்போது" என்பதில் பட்டுவிட்டது. திரை கறுத்தது. ஒரு வெள்ளைக் கோடு மெதுவாக வளர ஆரம்பித்தது. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாகப் போன் விழித்து, பூட்டு எண்ணைக் கேட்டது. போட்டாள். மணி தெரிந்தது, பேரன் படம் தெரிந்தது. போன உயிர் வந்தது. வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள். அவர் வீட்டில் படுத்திருந்தார். இவள் கடைக்கு வந்து ஒரு கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். அப்போது நாத்தனார் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, என் மேல கோபம்னா நேரா சொல்லிடுங்க. எதுக்குப் போனை அணைச்சு வச்சிருக்கீங்க?"

"அணைச்சா? இதோ எரியுதே!"

"ராத்திரி அடிச்சேன், காலையில அடிச்சேன். அணைச்சு வச்சிருக்குன்னு அந்தப் பொம்பளை குரல்தான் வருது."

மிஷின் நின்றது. ராத்திரியிலிருந்தா? இவள் போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தாள். மூலையில் கோடு கோடாக நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது. ஊசி கோக்கிற கண்ணாடிக்கு அது இவ்வளவு நேரமும் அகப்படவில்லை.

பக்கப் பொத்தானை அழுத்தினாள், திரை இருண்டது. மறுபடி அழுத்தினாள், எரிந்தது. பெருக்கல் குறி அப்படியே இருந்தது. அழுத்தினாள், எரிந்தது, அழுத்தினாள், எரிந்தது. அடுத்த கடைக் கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, லைட் போட்டு விளையாடறியா?"

"அணைச்சு அணைச்சுப் போடறேன் அண்ணே, லைன் வரலையே!"

"நீ எங்க அணைச்ச? அது கண்ணை மூடித் திறக்குது, அவ்வளவுதான். அணைக்கறது வேற. இந்தப் பொத்தானையும் சத்தம் கூட்டற பொத்தானையும் சேர்த்துப் பிடி. மறுபடி தொடங்கறதுன்னு ஒண்ணு வரும், அதைத் தொடு. முழுசா அணைஞ்சு தானா எழும். என் போனும் புதுசு ஏத்தினப்ப இப்படித்தான் ஊமையாச்சு, அதுல சரியாச்சு."

"முழுசா அணையுமா?"

"அணையும்."

"அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டா?"

நாத்தனார் தலையில் கை வைத்தாள். "இப்ப மட்டும் வருதாக்கும்! ராத்திரியிலேர்ந்து செத்துக் கெடக்கு அது!"

செத்து என்ற அந்தச் சொல் இவளுக்கு ஆகவில்லை. ராத்திரி வந்திருந்தால்? அவர் கட்டிலில் புரண்டுகொண்டிருந்த நேரத்தில், அவருக்கென்று வந்த ஒன்று வேறொருவர் உடம்புக்குப் போயிருந்தால்? அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

கடைக் கதவின் உள்பக்கம் ஆஸ்பத்திரி எண் இருந்தது. கையில் தெம்பு இருந்தபோது அவரே நீலப் பெயின்டில் முழ உயரத்துக்கு எழுதியது. கடிகாரக்காரரின் போனை வாங்கி, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினாள்.

"சிஸ்டர், நான் பெயின்டர் வீட்டம்மா பேசறேன். என் போனைக் கொஞ்ச நேரம் அணைக்கப் போறேன். அணைக்கலாமா?"

"என்னம்மா, போனை அணைக்க என்கிட்ட உத்தரவு கேக்கறீங்க?"

"அதுக்கில்ல சிஸ்டர். ராத்திரியிலேர்ந்து அது வேலை செய்யல. எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க... நீங்க யாராவது கூப்பிட்டீங்களா?"

"நான் இப்பதான் டியூட்டிக்கு வந்தேன். ராத்திரி இருந்தவங்களைக் கேட்டுட்டு வரேன், லைன்ல இருங்க."

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. எங்கோ ஒரு கதவு. யாரோ சிரித்தார்கள். இவள் அந்த நீல எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரக்காரர் கையில் இருந்த கடிகாரத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"இல்லம்மா. உங்களுக்கு எதுவும் வரல."

"நல்லாப் பார்த்தீங்களா சிஸ்டர்?"

"பார்த்துட்டேன்மா. யாருக்குமே வரல. நீங்க அணைச்சு எழுப்புங்க. அதுவரைக்கும் இந்த நம்பருக்குக் கூப்பிடறோம், போதுமா?"

"ரொம்ப நன்றி சிஸ்டர். ரொம்ப ரொம்ப நன்றி."

அதன்பிறகுதான் இரண்டு பொத்தானையும் சேர்த்துப் பிடித்தாள். இரண்டு தடவை விரல் நழுவியது. பிறகு மறுபடி தொடங்குவது என்று வந்தது, தொட்டாள். திரை முழுதும் கறுத்தது. இடது கையில் கடிகாரக்காரரின் போன், வலது கையில் தன் போன். விழித்து எண்ணைக் கேட்டது, போட்டாள். பெருக்கல் குறி கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. பிறகு ஒரு கோடு, இன்னொரு கோடு என்று முளைத்தது. கடிகாரக்காரர் தன் போனை வாங்கி அவளுக்கு அடித்தார். அடித்தது. எடுத்து, எதிரிலேயே நிற்கிற மனுஷரிடம், "அலோ, கேக்குதா அண்ணே?" என்றாள்.

"கேக்குது தங்கச்சி. பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்குது."

சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுவும் வரலன்னு சொன்னாங்களா?"

"ஆமாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்தது."

"நல்லா இருக்குடி நியாயம். வரணும்னு இத்தனை நாளாக் காத்துக்கெடக்கறோம். வரலன்னதும் நன்றி சொல்லிட்டு வந்திருக்க."

அவர் சிரித்தார். இவளும் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாளுக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று தமக்கு அளந்து வைத்திருந்த தண்ணீரிலிருந்து.

இப்போதும் வரிசையில்தான் இருக்கிறார்கள். மறுபடி ஊமையாகிவிடக் கூடாது என்று போனைத் தவறாமல் அணைத்து எழுப்புகிறாள். ஆனால் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாயோடு படுத்திருக்கும்போது, அவர் கால்மாட்டில் நின்றுதான் அதைச் செய்வாள். வெளியே வராந்தாவில்கூட அணைக்க மாட்டாள். ஏன் என்று ஒருநாள் அங்கே நின்றே கேட்டேன்.

"ஆளு சிஸ்டருங்க கண்ணு முன்னாடியே படுத்திருக்காரு அண்ணே. இந்நேரம் வந்தா வாயாலயே கூப்பிட்டுச் சொல்லுவாங்கல்ல?" என்றாள். சொல்லும்போதே திரையில் கோடு முளைத்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.