வாசல் தெளித்த தண்ணீர்

சர்க்கரையில் என் வலது கால் போனபிறகு, அண்ணன் வீட்டில் ஒரு சாமான் மாதிரிதான் கிடந்தேன். தினமும் காலையில் அண்ணனும் அண்ணியும் என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக் குளியலறைப் படியைத் தாண்டி உள்ளே இறக்குவார்கள். விருந்தாளிகள் இருந்தால் அண்ணி சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுக் கைக்குழந்தையக் குளிப்பாட்டப் போறோம்" என்பாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

படியே இல்லாமல் குளியலறையை மாற்றவேண்டும் என்று அடம்பிடித்தேன். "ஹாலுக்குத் தண்ணி வந்துச்சுன்னா, மறுநாளே படியக் கட்டிருவேன், பாத்துக்க" என்று அண்ணன் அரை மனசாகச் சம்மதித்தான்.

செம்பட்டியிலிருந்து வந்த கொத்தனார் பழைய தரையைத் தோண்டி, உள்பக்கம் சரிவாக வாட்டம் கொடுத்துப் பூசி, அதன்மேல் தண்ணீர் கசியாத பூச்சை இரண்டு முறை அடித்தார். தண்ணீர் போகும் துளையையும் கதவடியையும் அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

"நாளைக்கு இந்தக் கோட்டுலயே நின்னா டைல்ஸ் ஒட்டிருவேன். அதுவரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது."

மறுநாள் தண்ணீர் மூன்று விரல் இறங்கியிருந்தது. கொத்தனார் முகம் தொங்கிவிட்டது. "பூச்சு எங்கயோ விட்ருச்சு." அண்ணனுக்குக் கொண்டாட்டம். "நாந்தேன் அப்பவே சொன்னேன்ல. பழையபடி படியக் கட்டுங்க." அண்ணி அடுப்படிக் கதவருகே நின்றாள்.

குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகிவிட்டது, தொட்டியில் மிச்சமிருந்ததும் குளியலறையை நிரப்பவே சரியாகிவிட்டது. ஆனால் வீட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது.

"வாசத் தெளிக்க எங்குட்டு இருந்து தண்ணி மோந்தீக, அண்ணி?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. கக்கூசும் சேர்ந்திருக்கும் அறைத் தண்ணீரை, லட்சுமி வரும் வாசலில் தெளித்திருக்கிறாள். அண்ணன் கொத்தனார் முன்னாலேயே "அறிவு கெட்டவளே" என்று ஆரம்பித்து அவள் பிறந்த வீடு வரைக்கும் இழுத்தான். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

லாரித் தண்ணீர் வாங்கி மறுபடி நிரப்பினோம். ஒரு நாள் முழுக்கக் கோட்டிலேயே நின்றது. டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. இப்போது நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகக் குளிக்கிறேன். அண்ணி என்னோடு பேசுவதில்லை.

அன்று விடியற்காலையில் அவள் வாளியோடு குளியலறைக்குள் போனதை ஹாலில் படுத்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். கொத்தனார் வரட்டும், அவர் முன்னாலேயே கேட்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.