தோணி வளையத்தில் ஒரு மஞ்சள் முடிச்சு

எங்கள் தேத்தண்ணீர்க் கடையில் நான்கு வாங்குகள் கிடக்கின்றன. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து வடை தின்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், எண்ணெய்க் கையை அதிலேயே துடைக்கிறார்கள். இந்தப் பலகைகள் முப்பது வருஷம் மகாவலியில் சனங்களைச் சுமந்த தோணி என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு வடை எடுக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

தோணியைப் பற்றி எழுதினால் மூக்கையா அண்ணனைப் பற்றி எழுதவேண்டும். அவரைப் பற்றி எழுதினால் நான் செய்த காரியத்தையும் எழுதவேண்டும். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம்.

கெலிஓயாவுக்குக் கீழே, ஆறு அகன்று ஓடும் இடத்தில் எங்கள் கடை. அக்கரையில் தேயிலைத் தோட்டம். தோணி எங்கள் துறைக்கு வந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்றில். அதற்கு முன் ஆற்றின் மேல்பக்கத்தில் வேறொரு துறையில் ஓடியதாம். அங்கே பாலம் போட்டதும் அதற்கு வேலை போய்விட்டது. லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வரும்போதே கிழடு என்று என் வாப்பா முஹைதீன் சொல்வார். தட்டை அடி, பலாமரப் பலகை, இருபத்தைந்து பேர் நெருக்கி நிற்கலாம். சிங்களவர்கள் அதைப் பாருவ என்பார்கள், நாங்கள் தோணி என்போம். துடுப்புக் கிடையாது. இரு கரைக்கும் இடையே கட்டிய கம்பி வடத்தைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே போகவேண்டும்.

அந்த வடத்தை இழுக்க அறுபதில் வந்தவர் மூக்கையா. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. வாய் நிறையச் சிரிப்பு, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. விடிந்தால் பள்ளிப் பிள்ளைகளும் கண்டிக்கு பஸ் பிடிக்கிறவர்களும். பிறகு மரக்கறிக் கூடை, ஆடு, பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண், கம்பளைக்குக் கலியாணம் பதியப் போகிற சோடி, எல்லாம் அவர் கையால்தான் கரை சேர்ந்தன. வருஷத்துக்கு ஒருமுறை ஆறு வற்றும்போது தோணியைக் கரையில் ஏற்றி, இடுக்குகளில் தேங்காய்த் தும்பை அடைத்துத் தார் பூசுவார். தோணி ஓடாத அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், ஊரே அவரைத் திட்டும்.

அறுபத்தெட்டில் அக்கரை முனியாண்டி கோயிலில் நல்லம்மாவுக்குத் தாலி கட்டினார். தோட்டத்தில் அவ்வளவுதான் கலியாணம். முனியாண்டி சாட்சி, சனம் சாட்சி, ஒரு நேரச் சோறு. கம்பளைக்குப் போய்ப் பதிந்துகொள் என்று வாப்பா எத்தனையோ தரம் சொன்னார்.

"ஒரு நாள் தோணிய நிப்பாட்டணுமே நானா. பள்ளிக்கொடத்துப் புள்ளைக எப்புடிப் போகும்? மழை முடியட்டும், போறோம்" என்பார் இவர். வாப்பாவை "நானா" என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்.

மழை முடியும், வெயில் முடியும், அடுத்த மழை வரும். பதியப் போகிற சோடிகளையெல்லாம் அக்கரையிலிருந்து ஏற்றி இக்கரையில் இறக்கிவிட்டு, வாழ்த்தும் சொல்லி அனுப்புவார். தான் மட்டும் இறங்கிப் போகமாட்டார். நினைத்தால் இன்றைக்கும் அந்தத் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

தோட்டத்துச் சனத்தை அனுப்பிவைக்க இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போக நல்லம்மாவின் அப்பா மனுப் போட்டபோது அவளுக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. எழுபத்திரண்டில் பாஸ்போட் வந்தது. அப்பா, அம்மா, மணமாகாத மகள் நல்லம்மா. நாலு வருஷமாகத் தாலியோடு திரிகிறவளைக் கடதாசி மணமாகாதவள் என்றது. பெயரை எடுக்கவேண்டுமானால் கலியாணச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள் கந்தோர் அதிகாரிகள். இப்போது போய்ப் பதிந்தாலோ, நாட்டில் நிற்பதற்காகச் செய்த கள்ளக் கலியாணம் என்று எல்லோருடைய பயணத்தையும் நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ பயங்காட்டினார்கள். பயணத்தைக் கெடுத்துவிடாதே என்று அவளுடைய அப்பா இவர் காலில் விழாத குறை. கூடப் போக மூக்கையா அண்ணனிடம் எந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அவர் போட்ட மனு எங்கோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் போன நாளன்று நான் கரையில் நின்றேன். அவர்தான் வடத்தை இழுத்துவந்தார். தலைமன்னார்க் கப்பலுக்குப் போகிறவர்களைக் கண்டியிலிருந்து ஏற்றிப்போன ரயிலைத் தோட்டத்துச் சனம் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஆனால் அன்று தோணியில் ஒரு சத்தமும் இல்லை. கரை தட்டியதும் நல்லம்மா இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். அதில் ஒரு காசை வைத்து முடிந்து, தோணியின் முன்பக்கத்து இரும்பு வளையத்தில் கட்டினாள்.

"முனியாண்டிக்கு முடிஞ்சிருக்கேன். நான் திரும்பி வந்து என் கையால அவுத்துப் போடுவேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றாள்.

அதன்பிறகு தார் பூசும்போதெல்லாம் முடிச்சின் மேலேயும் பூசினார், தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க. கொஞ்ச நாளில் அது கறுத்து ஒரு பாக்குப்போல ஆகிவிட்டது.

முதல் மூன்று வருஷம் கடிதம் வந்தது. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கிடைத்திருந்தது. கடைக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். எழுபத்தைந்தில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, ஒரு நீலக் கடிதம் வந்தது. தோணி நிறையச் சனம் நிற்க, அதை வடத்தில் கட்டிவிட்டு ஓடிவந்தார். கையில் ஈரம் சொட்டியது. முகத்தில் அந்தச் சிரிப்பு.

பிரித்தேன். கடதாசியில் கலியாணமாகாதவள் என்று இருப்பதால் அப்பா வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார், நான் எவ்வளவோ அழுதும் கேட்கவில்லை என்று இருந்தது. இனி எனக்காகக் காத்திருக்கவேண்டாம். முடிச்சை அவிழ்த்து முனியாண்டிக்குப் போட்டுவிடுங்கள், என்மேல் தெய்வக் குற்றம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் இருந்தது.

"என்ன தங்கச்சி, வாராளாமா?" என்றார்.

தோணியிலிருந்து சனம் கத்துகிறது. இவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"சொகமா ஈக்கிறாவாம். கொஞ்ச நாளில வருவாவாம்" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அவர் மழை முடியட்டும் என்றாரே, அதே நோய்தான் எனக்கும் பிடித்தது.

அதற்குப்பின் கடிதம் வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, தார் பூசும் கிழமையில், அதே நீலக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். "ஒருக்கா வாசி தங்கச்சி." நானும் வாசிப்பேன். ஒவ்வொரு தரமும் என்னையறியாமல் ஒரு வரி கூடும். அங்கே குளிராம், உங்கள் இருமல் எப்படி என்று கேட்கிறாளாம், தோணிக்குத் தார் பூசியாயிற்றா என்று கேட்கிறாளாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

பொய் வளர வளர எனக்குள் பயமும் வளர்ந்தது. லயத்துப் பேச்சியம்மா, புருஷனை இழந்த நல்ல மனுஷி, இவரோடு சேர்ந்து வாழ மனதாயிருந்தாள். இவர் தலையாட்டவில்லை. எண்பத்தொன்றில் இங்கேயும் பாலம் வந்தது. குண்டசாலைப் பக்கம் தெருவேலை தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். அதற்கும் போகவில்லை. வருகிறவள் என்னை எங்கே வந்து தேடுவாள் என்று கேட்டார். என் இரண்டு வரியால் ஒரு மனுஷன் வாழாமல் போகிறான் என்று நினைத்து நான் சோறு இறங்காமல் இருந்த நாட்கள் உண்டு. நேர்ந்த காசைச் செலுத்தாவிட்டால் முடிச்சுப் போட்டவளுக்கு ஆகாது என்று பிறகு யாரோ சொல்லக் கேட்டபோது இன்னும் மோசமாகிவிட்டது. கடிதத்தில் தெய்வக் குற்றம் என்று வாசித்தபோது அதன் பொருள் எனக்கு விளங்கியிருக்கவில்லை. எங்களில் அந்த வழக்கம் இல்லையே.

தோணியை ஏலத்தில் கேட்க ஆளில்லை. வாப்பா எடுத்தார். கடைக்குப் பின்னால் நான்கு கற்தூணின்மேல் கவிழ்த்துப்போட்டுக் கூரையாக்கினார். விறகும் கிடாரமும் ஒரு பக்கம், மூக்கையா அண்ணனின் பாய் ஒரு பக்கம். கடைக்குத் தண்ணீர் அள்ளி, விறகு பிளந்து அங்கேயே இருந்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் லயங்களில் நெருப்பு வைத்தபோது, அந்தத் தோணிக்கடியில் விறகை அடுக்கி அதற்குப் பின்னால் மூன்று நாள் அவரை மறைத்துவைத்தோம். எத்தனையோ பேரைக் கரை சேர்த்த தோணி அவரையும் ஒருதரம் காப்பாற்றியது. பிறகு பிரஜாவுரிமையும் வந்தது. அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மழை ஒழுகாமல் இருக்க வருஷாவருஷம் தார் பூசுவதை விடவில்லை. இரண்டாயிரத்திரண்டில் நெஞ்சுச் சளி முற்றிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்கு முந்தின நாள்கூட, நிற்கமுடியாமல் நின்று வளையத்தில் தார் அப்பிக்கொண்டிருந்தார்.

"சாகப்போற நேரத்திலயும் ஒங்களுக்கு வேற வேலையில்லையா?" என்று கத்தினேன். சிரித்தார். அந்த வருஷம் கடிதத்தை வாசிக்கச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார். உண்மையைச் சொல்லிவிட இருபத்தேழு வருஷம் இருந்தது எனக்கு.

மறுவருஷம் தம்பி பாரூக் தகரக் கூரை போடத் தோணியைக் கழற்றினான். நல்ல பலகைகளை வாங்கு அடிக்கச் சொன்னேன். தச்சன் அந்தக் கறுத்த முடிச்சை வெட்டி என் கையில் போட்டான். அது காசுபோலக் கனக்கவில்லை. கத்தியால் கீறினேன். தாருக்கு உள்ளே துணி இன்னும் மஞ்சளாகவே இருந்தது. அதற்குள் காசு இல்லை. எட்டாய் மடித்த நீலக் கடிதம் இருந்தது. அந்தக் கடைசித் தார்ப்பூச்சின்போது உள்ளே வைத்திருக்கவேண்டும்.

பாலத்தைத் தாண்டி முனியாண்டி கோயில் பூசாரி பழனியாண்டியிடம் போனேன். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கடிதத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"கடுதாசி வந்த அன்னைக்கே எங்கிட்ட கொண்டாந்தாரும்மா. 'ரெண்டு பக்கம் நெறைய எழுதியிருக்கு, தங்கச்சி ரெண்டு வரியில முடிச்சிருச்சு, நீ வாசி'ன்னாரு. வாசிச்சேன். ரொம்ப நேரம் அந்தக் கல்லுலயே உக்காந்திருந்தாரு. மறுநாளு முடிச்ச அவுத்து, காச முனியாண்டிக்குப் போட்டு, கோழி அறுத்து, அந்தப் புள்ள நல்லாருக்கணும்னு கும்புட்டாரு. வெறுந்துணியத் திரும்ப வளையத்துலயே கட்டிக்கிட்டாரு."

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "பொறகு என்னத்துக்கு வருசா வருசம் எனக்கிட்ட வாசிக்கச் சொன்னார்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'நீ வாசிச்சா அவ போயிட்டா. தங்கச்சி வாசிச்சா வாறேங்குறா. வருசத்துல ஒரு நாளு தானே, கேட்டுட்டுப் போறேன்'னாரு."

திரும்பி வந்தபோது கடையில் யாரும் இல்லை. வளையம் இருந்த பலகையில் அடித்த வாங்கில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை முதல்தடவையாக உள்ளபடி சத்தமாக வாசித்தேன். கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தேன். பிறகு மடித்து வைத்துக்கொண்டு, நான் கூட்டிய வரிகளையும் ஒன்றொன்றாகச் சொன்னேன். அங்கே குளிராம். உங்கள் இருமல் எப்படி என்று கேட்கிறாளாம். தோணிக்குத் தார் பூசியாயிற்றா என்று கேட்கிறாளாம். கொஞ்ச நாளில் வருவாளாம்.