என் மகள் அதிகம் கேட்ட ஐந்து பாடல்கள்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பதினெட்டு நிமிடத்தில் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. கைப்பேசித் திரையை அப்போதே படமெடுத்து வைத்துக்கொண்டதால் நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. விபத்து என்றால் முதலில் மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஓடுவது கத்துவது எல்லாம் பிறகு. இருபத்திரண்டு வருஷமாக, எது எப்போது யார் தலையில் விழும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் மனைவியின் புகார்.

அன்று சாப்பிட்டுவிட்டு விசிறிக்குக் கீழே படுத்திருந்தபோது, பாட்டுக் கேட்கிற செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வருஷக் கடைசியில் அது எல்லோருக்கும் இப்படி ஒன்றை அனுப்பும். இந்த ஆண்டு நீ அதிகம் கேட்ட பாடல்கள் இவை, உன் ரசனை இப்படிப்பட்டது என்று நம்மைப் பற்றி நமக்கே சொல்லும். மேலே என் மகளின் பெயர் இருந்தது. அந்தக் கணக்கு அவளுடையது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் என் மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்தாள். அதனால் என் கைப்பேசியிலும் அது உட்கார்ந்திருக்கிறது. நான் வானொலிக்காரன், அதைத் தொட்டதில்லை.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. பினாங்கில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சியில் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு முறை பேசுவாள். நான்கு கேள்விக்கு நான்கு பதில். அந்தப் பதில்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். இப்போது அது பட்டியலாகவே வந்துவிட்டது. முதல் பாட்டை மட்டும் அறுநூற்றுப் பதினொரு தடவை கேட்டிருக்கிறாள். 'மற்றவர்கள் தூங்கும்போது நீ கேட்கிறாய், அதிகாலை நாலரை மணி உன் நேரம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நிலாவை வரைந்திருந்தார்கள். நிலா சிரித்துக்கொண்டிருந்தது. 'இந்த ஆண்டு உன் மனநிலை: கைவிடப்பட்ட அமைதி' என்று அதற்கடியில் இருந்தது.

வாசலில் நின்ற காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஐந்து பாட்டையும் கேட்டேன்.

முதல் பாட்டு ஆங்கிலம். ஒரு பெண், ஒரு கித்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கதவைச் சாத்தாமல் போ'. போகிறவன் போகட்டும், கதவு மட்டும் திறந்திருக்கட்டும் என்று மூன்றரை நிமிடமும் அதே வேண்டுகோள். எங்கள் பக்கத்தில் கதவைத் திறந்து வைத்தால் குரங்குதான் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது ஒரு மலாய்க் குழு பாடியது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் நிறுத்தத்தில் உட்கார்ந்து தன்னைத்தானே விசாரிக்கிறான். மேளம் கிடையாது, அதற்குப் பதில் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள். அதை இரண்டு முறை கேட்டேன், விசாரணைக்காகத்தான். மூன்றாவது, இங்குள்ள தமிழ்ப் பையன் ஒருவன் தன் படுக்கையறையிலேயே பதிவு செய்தது. என் நம்பரை அழித்துவிடு என்று கெஞ்சுகிறான், ஆனால் அழிக்க வசதியாக அதில் பாதியைப் பாட்டிலேயே சொல்லிவிடுகிறான். நாலாவது வானொலியிலும் வருகிற பாப் பாட்டு, ஆனால் வேகத்தைப் பாதியாகக் குறைத்த மாதிரி இருக்கும். விட்டுப்போனவனின் ஈரத் துண்டு இன்னும் கொடியில் தொங்குகிறதாம். இவ்வளவு நாள் காயாத துண்டைப் பற்றி எனக்குச் சில கேள்விகள் இருந்தன. அதே சமயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியும் இருந்தது.

ஐந்தாவது பாட்டின் தலைப்பு 'நான் நலம்.' பாடுகிறவள் இருபது தடவை அதையே சொல்கிறாள். எங்களிடம் விபத்தே கிடையாது என்று சொல்கிற இடத்துக்குத்தான் நாங்கள் முதலில் சோதனைக்குப் போவோம்.

வீட்டில் அபாய மதிப்பீட்டுப் படிவங்கள் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து ஐந்து பாட்டையும் ஐந்து வரிசையில் எழுதினேன். நேரக்கூடிய கெடுதல், நேருவதற்கான வாய்ப்பு, கடுமை. கட்டுப்படுத்தும் வழி என்ற கடைசிக் கட்டத்தில் பழக்கதோஷத்தில் 'கையுறை' என்று எழுதிவிட்டு அடித்தேன். மனைவியிடம் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நீங்க என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன பெறகு ஆறு மாசம் சோகப் பாட்டாத்தான் பாடிக்கிட்டுத் திரிஞ்சீங்களாம். உங்க அக்கா சொன்னாங்க. நான் என்ன போலீசுக்கா போனேன்?"

சாயங்காலம் மகளை அழைத்தேன். நேரடியாகக் கேட்கக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று கேட்டேன். எட்டு என்றாள். நாலரைக்கு விழித்திருப்பவள் எட்டு என்கிறாள் என்றால் மறைக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாயா என்றேன். நன்றாக என்றாள். எப்படி இருக்கிறாய் என்றேன். "நல்லாத்தான்பா இருக்கேன்" என்றாள். ஐந்தாவது பாட்டு என் காதில் ஓடத் தொடங்கியது.

"யாராச்சும் உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களாம்மா?"

"யாருப்பா? எங்க போனாங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

"அப்பா, செவ்வாய்க்கெழம எனக்கு ஒரு..." என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள். அறையில் உன்கூட யாராவது தங்குகிறார்களா, தனியாகவா என்று நான் குறுக்கே கேட்டேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பயிற்சி முடிந்து அவளை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு மேலதிகாரிகள் முன்னால் நின்று அவள் பேச வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு முழுசாக நாலு விநாடி என் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தொழிற்சாலையில் யாரோ விநியோகித்த மனநலத் துண்டறிக்கையைத் தேடி எடுத்தேன். கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: தூக்கம் குறைதல், ரசனை திடீரென்று மாறுதல், பேச்சு சுருங்குதல், எரிச்சல். நாலிலும் உங்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று மனைவி சொன்னாள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

இயந்திரத்தில் கை மாட்டினால் முதலில் மின்சாரத்தை வெட்ட வேண்டும். பிற்பகல் ஒரு மணிக்கு அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன். எந்தெந்தக் கருவிகளில் கணக்கு ஓடுகிறது என்று அது காட்டியது. ஒன்று என்னுடையது, மற்றது மகள் வைத்திருக்கும் கைப்பேசி. வைத்திருந்த கைப்பேசி என்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் புதியது வாங்கி இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்று என்ற பொத்தானை அழுத்தினேன். அழுத்தியதும் ஒரு நிம்மதி. இனி அந்தக் கித்தார்ப் பெண் எவ்வளவு கெஞ்சினாலும் என் மகளுக்குக் கேட்காது.

நிம்மதி மூன்று மணிவரைக்கும் நின்றது. அவளுக்கு இருந்த ஒரே துணையையும் பிடுங்கிவிட்டோமே, இப்போது அந்தப் பிள்ளை வெறும் அமைதியோடு தனியாக இருக்குமே என்று தோன்றியதும் மறுபடி அழைத்தேன். வீட்டுக்கு வா என்றேன். ஏன் என்றாள். சொல்லக் காரணம் இல்லாததால், "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிக வேகமாகப் பலித்தது அதுதான். திங்கட்கிழமை முதல் ரயிலில் வருகிறேன் என்று உடனே சொன்னாள். செவ்வாய்க்கிழமை பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு கவலை. அவள் தம்பி மாட்டுக்காரர். புக்கிட் ரோத்தான் பக்கம் பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் பதினான்கு மாடு வைத்திருக்கிறார், தினமும் சாயங்காலம் எங்களுக்குப் பால் கொண்டுவந்து கொடுப்பார். அன்று வரவில்லை. என்னவென்று கேட்டுப் பாருங்கள் என்றாள். இப்போது பாலா முக்கியம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலைத் தேநீர் கறுப்பாக வந்தது. அதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு ரவாங் நிலையத்துக்குப் போனேன். மகள் சின்னப் பையோடு இறங்கினாள், கண் சிவந்திருந்தது. எனக்கு அது ஆதாரம். அம்மாவுக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றேன். அதைக் கேட்டதும் அவள் முகம் எப்படி ஆனது என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போது நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். செம்பனைக் காடு தொடங்குகிற இடத்தில் முதல் பாட்டைப் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் கவனித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"இது யாருப்பா பாடுறது?" என்றாள் கொஞ்சம் கழித்து.

அறுநூற்றுப் பதினொரு தடவை கேட்டவள் கேட்கிற கேள்வியா இது? ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது, சாகக் கிடக்க வேண்டிய என் மனைவி ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறி நின்று விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயம். மகள் பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்ன நடந்தது என்று மனைவி மேலே இருந்தபடியே கேட்டாள், மகள் சொன்னாள். மனைவி இறங்கி வந்து ஈரத் துணியை என் கையில் கொடுத்தாள். நான் நாலாவது பாட்டை நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தேன். எதையும் மறைக்க வேண்டாம், நாங்கள் இருக்கிறோம் என்று பேசத் தொடங்கினேன். நல்ல பேச்சு அது, ராத்திரி தயாரித்தது. மகள் அதைக் கேட்காமல் படிவத்தையே மேலிருந்து கீழே படித்தாள். 'கையுறை' என்று அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுல ஒரு பாட்டுகூட நான் கேட்டதில்லப்பா. அந்த அக்கவுண்ட்டைத் தொட்டே ரெண்டு வருசம் ஆச்சு. நான் வேற வச்சிருக்கேன்லா, கூட்டாளிங்களோட."

மறுப்பதும் ஓர் அறிகுறி என்று துண்டறிக்கையின் பின்பக்கத்தில் இருந்தது. ஆனால் அவள் தன் கைப்பேசியைத் திறந்து தன்னுடைய உண்மையான பட்டியலை என் முன்னால் வைத்தாள். முதல் இடத்தில் இருந்தது மூன்று பெண்கள் கூச்சல் போடுகிற ஒரு பாட்டு. அதை ஓடவிட்டாள். சந்தோஷத்தைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை, எனக்குத் தலை வலித்தது. அப்படியென்றால் காலை நாலரைக்கு இந்த வீட்டில் மனம் உடைந்து பாட்டுக் கேட்டது யார்? பார்வை தன்னால் மனைவி பக்கம் போனது. "என்னைப் பாத்தீங்கன்னா..." என்று அவள் சொல்லி நிறுத்தியது, முழு வாக்கியத்தைவிடத் தெளிவாக இருந்தது.

அந்த நேரத்தில் வெளியே லோரி வந்து நின்றது. மைத்துனர் முழங்கால்வரை சேறு காய்ந்த பூட்ஸோடு வாசலில் நின்றார். கையில் பால்கேன் இல்லை, கீறல் விழுந்த பழைய கைப்பேசிதான் இருந்தது. மகள் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு தீபாவளிக்கு முன் அவள் கொடுத்தது அது. பேசத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கொட்டகைக்கு நான் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கடைசியாகப் போனபோது தரை வழுக்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"மச்சான், நேத்து மத்தியானத்துலேருந்து பாட்டு வரல. கடைக்காரன்கிட்ட காட்டுனேன், என்னமோ பாஸ்வர்டு கேக்குதுங்கிறான்" என்றார். மாடு கறக்கும்போது முதலில் பக்திப் பாட்டுத்தான் போட்டாராம். சினிமாப் பாட்டு போட்டால் உதைத்தனவாம். ஒருநாள் தானாகவே இந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் பாட்டு ஓடியதும் பதினான்கும் அசையாமல் நின்று கொடுத்தனவாம். அன்றிலிருந்து காலை நாலரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் அதேதான். "ரெண்டு வேளையா மடியில கைவைக்க விடமாட்டேங்குதுங்க. அந்தக் கறுப்பி கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறா."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று நான் மகளைப் பார்த்தேன். அவள் படிவத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் ஆகிறது, அவள் மடித்த அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேட்கிறது.

மைத்துனர் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார்.

"ஆயி, நீ என்னம்மா இங்க? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நீ அவங்க முன்னால நின்னு பேசணும்னு சொன்னியே. எனக்கு ரெண்டு தடவ பேசிக் காட்டுனியே."

அவள் மடித்த படிவத்தை மேசையில் வைத்தாள். அவர் என்னைக் கேட்கவில்லை. குனிந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டார்.

"ஏறு லோரில. ரயிலப் புடிச்சிரலாம்" என்றார். படியில் நின்று அந்தக் கீறல் விழுந்த கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "மச்சான், நீங்க மொதல்ல பாட்டப் போடுங்க."