குட்டியானையில் தேக்கு பெஞ்சு

பொது சுகாதாரம் படித்தவள் என்றால் கொசுவுக்கு மருந்து அடிப்பாள், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடுவாள் என்பதுதான் காரைக்குடியில் என் வீட்டாரின் எண்ணம். நான் சாலை விபத்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றதும் அத்தை, "அதான் தினம் பேப்பர்ல போடுறாகளே, நீ வேற எதுக்குப் படிக்கணும்?" என்றாள். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். என் வேலை, கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர்களின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "வண்டியில எங்க உக்காந்திருந்தீக? எதைப் பிடிச்சிருந்தீக?" என்று கேட்பது. எங்கே உட்கார்ந்தவருக்கு எங்கே அடி என்று தெரிந்தால் எதை மாற்ற வேண்டும் என்பது தெரியும். இத்தனை வருடமாக வார்டு வார்டாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெளியூரில் மைக் பிடித்துப் பேசுவது சுலபம். வீட்டில்தான் என் வாய் செல்லாது.

எங்களுடையது மரவேலைக் குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பட்டறை வைத்திருக்கிறார்கள். செய்த கதவையும் கட்டிலையும் கண்டரமாணிக்கம், சாக்கோட்டை என்று கொண்டுபோய் இறக்குவது சித்தப்பாவின் குட்டியானை. பின்பக்கம் திறந்த சின்ன சரக்கு வண்டிக்கு ஊரில் அதுதான் பெயர். மாசி சிவராத்திரிக்குக் காளையார்கோவில் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலுக்குப் பங்காளிகள் எல்லோரும் போவதும் அதில்தான். பானை, விறகு, அரிசி மூட்டை, அதற்கு மேல் நாங்கள். சித்தப்பாவுக்கு வருடத்தில் அதுதான் பெரிய நாள். மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒழுங்காகக் கோபித்துக்கொள்ளக்கூட அவருக்குத் தெரியாது.

போன வருடம் அவரோடு சண்டை போட்டேன். "சித்தப்பா, இப்படித் திறந்த வண்டியில வந்தவகளைத்தான் நான் ஆஸ்பத்திரியில பார்க்குறேன். சட்டுனு பிரேக் போட்டா பிடிக்க என்ன இருக்கு இதுல?" அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். சொன்னது மண்டையில் ஏறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

ஏறத்தான் ஏறியிருந்தது. இந்த வருடம் நான் வந்து இறங்கியதும் நேரே பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு ஓரமும் தேக்கு பெஞ்சு. ஓர் ஆணிகூட வெளியே தெரியவில்லை. ஆளுக்கொரு கைப்பிடி, ஒவ்வொன்றின் முனையிலும் செதுக்கிய அன்னம். பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை. "பிடிக்க என்ன இருக்குன்னு கேட்டியே தாயி. இப்பப் பிடிச்சுக்க" என்றார். இப்படி ஒரு தப்பை வேறு எந்தக் குடும்பம் செய்யும்? எங்கள் வீட்டில் எந்தக் குறைக்கும் மரத்தில்தான் மருந்து.

பெஞ்சு அழகோ அழகு. ஆனால் அதில் உட்கார்ந்தால் வண்டியின் பக்கத் தகடு இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது. தரையில் உட்கார்ந்தவரையாவது அந்தத் தகடு தடுக்கலாம். பெஞ்சில் இருப்பவர் நேரே ரோட்டுக்குத்தான் போவார். விலா எலும்பை உடைக்கும் வேலையை அன்னம் பார்த்துக்கொள்ளும். குடும்பமே சுற்றி நிற்க, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். சித்தி என்னை முறைத்தாள். சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, தூசியே இல்லாத பெஞ்சைத் துடைத்தார். "சரி தாயி" என்றார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

அப்பா ஒரு சின்ன பஸ்ஸைப் பேசி அமர்த்தினார். எல்லோரும் அதில் ஏறினார்கள். குட்டியானையில் பானையும் விறகும் மட்டும். நான் முன்சீட்டில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வழக்கமாக நிறுத்தும் டீக்கடை வந்தது, நிறுத்தவில்லை. வெகுதூரம் போன பிறகு அவரே கேட்டார்.

"இந்த மாதிரி ஆளை ஏத்திக்கிட்டுப் போயி கவுத்துடுறவனுகள்லாம் எப்படிப்பட்டவனுக தாயி? குடிகாரனுகளா?"

"இல்ல சித்தப்பா. நான் பார்த்ததுல அநேகமா சொந்தக்காரகதான். மாமா, மச்சான், சித்தப்பான்னு. நம்ம சனம் எல்லாரும் ஒண்ணா போகணும்னு ஆசைப்பட்டு ஏத்தியிருப்பாக. ஓட்டுனவுக வார்டுக்கு வெளியவே நிப்பாக. உள்ள வாங்கன்னு கூப்பிட்டாலும் வர மாட்டாக."

அதற்குப் பிறகு கோயில் வரை சித்தப்பா வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

பூசையெல்லாம் நன்றாக முடிந்தது. மறுநாள் காலை கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்த அப்பா, "உள்ள புழுங்குதுடா. நான் ஒருத்தன்தானே, இதுல காத்தாட வர்றேன்" என்று குட்டியானையில் ஏறிப் பெஞ்சில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். சித்தப்பா தன் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வண்டியின் பின்னால் போய் நின்றார்.

"இறங்குங்கண்ணே. பஸ்ல ஏறுங்க."

"ஏன்டா? நீ செஞ்ச பெஞ்சுதானடா?"

"நான் செஞ்சதுதான். உங்களை உள்ள படுக்க வச்சுட்டு வார்டுக்கு வெளிய நிக்க என்னால முடியாதுண்ணே."

அப்பா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.